மாசுக்கு உச்சவரம்பு, அனுமதிக்குச் சந்தை: அனல்மின் நிலையப் புகை உண்மையில் எதனால் குறைந்தது?

வெண்முகில் எழுதியது:

அமில மழைத் திட்டம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் ஒரே பல்லவிதான். அமெரிக்கா 1990-ல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியது. அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு மொத்தமாக ஓர் உச்சவரம்பு வைத்தது. அந்த வரம்புக்குள் டன்னுக்கு ஒன்று என்று அனுமதிகளை அச்சடித்துப் பிரித்துக் கொடுத்து, வேண்டுமென்றால் வாங்கிக்கொள், மிச்சமிருந்தால் விற்றுக்கொள் என்று விட்டது. புகை குறைந்தது, செலவும் குறைந்தது, சுபம்.

எனக்கு இது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. மூன்று சந்தேகங்கள்.

முதலாவது, காசு கொடுத்தால் புகை விடலாம் என்பது என்ன நியாயம்? பரிகாரத்துக்குப் பணம் கட்டிவிட்டுப் பாவத்தைத் தொடர்வது போல இருக்கிறது. இரண்டாவது, அனுமதியை வாங்கிக் குவிக்கிற நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் கதி? மூன்றாவது, இந்தப் புகை எப்படியும் குறைந்திருக்குமா, சந்தை வந்து குறைத்ததா என்று யாராவது பிரித்துப் பார்த்தார்களா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "சந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்ற ஒரு வரிப் பதில் மட்டும் வேண்டாம்.

கணக்கர் எழுதியது:

வெண்முகில் அவர்களே, ஒரு கற்பனைக் கணக்கிலிருந்து தொடங்குவோம். நிஜ எண்களுக்கு அப்புறம் வருகிறேன்.

இரண்டு அனல்மின் நிலையங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 50,000 டன் கந்தக டை ஆக்சைடு விடுகின்றன. இரண்டும் சேர்ந்து 60,000 டன்னுக்கு மேல் போகக் கூடாது என்கிறது அரசு. 'அ' நிலையம் ஒரு டன்னைக் குறைக்க 100 டாலர் ஆகும், நிலக்கரியை மாற்றினாலே போதும். 'ஆ' பழைய நிலையம், இடம் நெருக்கடி, கருவி பொருத்த வேண்டும், டன்னுக்கு 600 டாலர்.

ஆளுக்குப் பாதி என்று உத்தரவு போட்டால் இருவரும் 20,000 டன் குறைக்க வேண்டும். செலவு 20 லட்சம் + 120 லட்சம், ஆக 140 லட்சம் டாலர். அனுமதியை விற்க விட்டால் 'அ' மட்டும் 40,000 டன்னைக் குறைக்கும், செலவு 40 லட்சம். 'ஆ' தனக்குத் தேவையான 20,000 அனுமதிகளை 'அ'விடம் 100-க்கும் 600-க்கும் நடுவே ஏதோ ஒரு விலைக்கு வாங்கிக்கொள்ளும். இரண்டு வழியிலும் காற்றில் கலப்பது அதே 60,000 டன். மிச்சம் ஒரு கோடி டாலர்.

விஷயம் அவ்வளவுதான். புகையைக் குறைப்பது உச்சவரம்பு. வணிகம் செய்வது, குறைக்கிற வேலையை மலிவாக முடிகிறவன் தலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் "சந்தை புகையைக் குறைத்தது" என்ற பேச்சு வருகிறது. அந்தப் பேச்சு எனக்கும் பிடிக்காது.

எதிர்க்கேள்வி எழுதியது:

//இரண்டு வழியிலும் காற்றில் கலப்பது அதே 60,000 டன்//

கணக்கர் ஐயா, இந்த ஒரு வரியில்தான் வில்லங்கம். உங்கள் கணக்கில் 'ஆ' நிலையம் 50,000 டன்னில் ஒரு டன்கூடக் குறைக்கவில்லை. உத்தரவு போட்டிருந்தால் 30,000-க்கு இறங்கியிருக்கும். அந்தப் புகைபோக்கிக்குக் கீழே இருக்கிறவனிடம் போய் "மொத்தக் கணக்கு சரியாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். வெண்முகில் கேட்ட இரண்டாவது கேள்வியே இதுதான். ஒரு கோடி மிச்சத்தைக் காட்டி அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

பாய்லர் பாபு எழுதியது:

வணக்கம் மக்களே. அனல்மின் நிலையக் கருவிப் பிரிவில் வேலை பார்த்தவன், அந்தப் பக்கத்திலிருந்து ரெண்டு வார்த்தை.

எதிர்க்கேள்வி கேட்டது நல்ல கேள்வி. ஆனா அந்தச் சட்டத்துல ஒரு பூட்டு இருக்கு. கையில எத்தனை அனுமதி வெச்சிருந்தாலும், அந்தந்த வட்டாரக் காற்றுத் தர அளவை மீறுறதுக்கு அது லைசென்ஸ் கிடையாது. வட்டாரத் தரம் தனிச் சட்டம், அது அப்படியே இருக்கும். அமில மழை உச்சவரம்பு அதுக்கு மேல வந்த இன்னொரு வளையம்.

அடுத்தது, புகைபோக்கி உயரம். 1970 சட்டம் வந்தப்ப, பக்கத்து ஊர் காற்று சுத்தமா இருக்கான்னு மட்டும்தான் பார்த்தாங்க. நிலையக்காரங்க என்ன பண்ணாங்க? புகையைக் குறைக்கல, புகைபோக்கியை உசத்திட்டாங்க. ஐநூறு அடி, ஆயிரம் அடி. கீழ இருக்கிற அளவுமானி சுத்தம்னு காட்டும். புகை மேல காத்துல ஏறி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் போய், வழியில சல்பேட்டா மாறி, ஒஹாயோ பள்ளத்தாக்குல விட்டது நியூயார்க் மாநில அடிரான்டாக் மலை ஏரிகள்லயும் கனடாவுலயும் மழையா இறங்குச்சு. ஏரியில மீன் இல்ல. கனடாக்காரன் கத்துனான்.

அதனால இந்த விஷயத்துல பக்கத்து வீட்டுக்காரன் மட்டும் பாதிக்கப்பட்டவன் இல்ல. மொத்த டன்னே பிரச்சினையா இருந்துச்சு. பக்கத்துலயே விழுந்து அங்கயே தங்குற விஷமா இருந்தா நானும் எதிர்க்கேள்வி பக்கம்தான் நிப்பேன்.

கணக்கர் எழுதியது:

பாபு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் கற்பனைக் கணக்கில் பழைய அழுக்கு நிலையம் வாங்குபவனாக இருந்தது. நடந்தது பெரும்பாலும் தலைகீழ். அதிகக் கந்தகம் விட்ட பெரிய நிலையங்கள்தான் அதிகம் குறைத்தன. காரணம் எளிது: ஒரு கருவியைப் பொருத்த ஆகிற செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான், அதிகப் புகை விடுகிற இடத்தில் பொருத்தினால் டன்னுக்கு விழும் செலவு குறைவு. எந்த மத்திய மேற்கு மாநிலங்களிலிருந்து அமில மழை கிளம்பியதோ அங்கேயே பெரிய சரிவு வந்தது. எல்லா மாசுக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லவில்லை. இங்கே அமைந்தது.

நிலா_ரசிகை எழுதியது:

படித்துக்கொண்டே வருகிறேன், நல்ல இழை. இரண்டு சின்னக் கேள்வி. முதன்முதலில் அந்த அனுமதிகளை யாருக்கு எப்படிக் கொடுத்தார்கள், ஏலமா இலவசமா? அப்புறம், ஒரு நிலையம் 30,000 டன் விட்டுவிட்டு 20,000 என்று பொய்க் கணக்கு எழுதினால் யார் கண்டுபிடிப்பது?

கணக்கர் எழுதியது:

முதல் கேள்வி என் பங்கு, இரண்டாவது பாபுவுக்கு.

பெரும்பாலும் இலவசம். 1985 முதல் 1987 வரை ஒவ்வொரு நிலையமும் சராசரியாக எவ்வளவு எரிபொருள் எரித்ததோ அதை அடிப்படையாக வைத்தார்கள். 1995-ல் தொடங்கிய முதல் கட்டத்தில் அதிகப் புகை விட்ட 110 நிலையங்கள் மட்டும். 2000-ல் இரண்டாம் கட்டம், 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட ஏறக்குறைய எல்லா அலகுகளும் உள்ளே வந்தன, எரிபொருள் அளவுக்கு இவ்வளவு புகை என்ற அளவுகோலும் பாதிக்கும் கீழே இறுக்கப்பட்டது. நிரந்தர உச்சவரம்பு ஆண்டுக்கு 89.5 லட்சம் டன் (அமெரிக்க டன், 907 கிலோ). 1980-ல் மின் நிலையங்கள் விட்டது 173 லட்சம் டன்.

ஒரு சிறு பகுதியை, 2.8 சதவீதத்தை, ஒதுக்கி வைத்து ஆண்டுதோறும் ஏலம் விட்டார்கள். முதல் ஏலம் 1993-ல் சிகாகோ வணிக வாரியத்தில். கோதுமையும் சோளமும் விலைபோன இடத்தில் கந்தகப் புகை விலைபோனது. ஏலத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சுற்றுச்சூழல் அமைப்புகளும் மாணவர்களும்கூடச் சில டன்களை வாங்கி, யாருக்கும் விற்காமல் முடக்கி வைத்தார்கள். வெண்முகிலுக்குப் பிடித்த செய்தியாக இருக்கும்.

பங்கீட்டில் அரசியல் இல்லாமல் இல்லை. கந்தகம் அதிகமுள்ள கிழக்கு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலை போய்விடக் கூடாது என்று, சுத்திகரிப்புக் கருவி பொருத்துகிற நிலையங்களுக்கு 35 லட்சம் போனஸ் அனுமதிகள் கொடுத்தார்கள். பங்கீட்டுப் பட்டியல் அப்படிப் பேரம் பேசித் தயாரானதுதான். ஆனால் பேரம் நடந்தது யாருக்கு எத்தனை என்பதில். மொத்த வரம்பு கரையவில்லை. அரசியல்வாதிகளுக்குப் பங்கு போட ஏதோ ஒன்று கையில் இருந்ததால்தான் சட்டமே நிறைவேறியது என்பது என் கணிப்பு.

பாய்லர் பாபு எழுதியது:

நிலா, நீ கேட்டது இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி. பொருளாதாரம் படிச்சவங்க சந்தை, விலைன்னு பேசிட்டே போவாங்க, அளவுமானியைப் பத்தி ஒரு வரி எழுத மாட்டாங்க. (கணக்கர் சார் கோச்சுக்காதீங்க.)

தொடர் உமிழ்வு கண்காணிப்புக் கருவின்னு ஒண்ணு, நாங்க 'செம்ஸ்'னு சொல்லுவோம். புகைபோக்கியில பல மாடி உயரத்துல ஒரு நடைமேடை இருக்கும். அங்க சுவத்துல துளை போட்டு ஒரு உறிஞ்சு குழாயை உள்ள விட்டிருப்பாங்க. உறிஞ்சின புகை சூடாக்கின குழாய் வழியா கீழ வரும். சூடு எதுக்குன்னா, வழியில குளிர்ந்தா நீராவி தண்ணியாகும், கந்தகம் அதுல கரைஞ்சிடும், அளவு குறைச்சலா காட்டும். கீழ பகுப்பாய்வுக் கருவி புற ஊதா ஒளியை அடிச்சு எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தனை பங்கு) கந்தக டை ஆக்சைடுன்னு சொல்லும். இன்னொரு கருவி புகை என்ன வேகத்துல மேல போகுதுன்னு அளக்கும். ரெண்டையும் பெருக்கினா மணிக்கு இத்தனை கிலோன்னு வந்துடும். வருஷம் முழுக்க மணிக்கு ஒரு எண்.

தினமும் கருவிக்குப் பரீட்சை உண்டு. இவ்வளவுதான் இருக்குன்னு சான்று போட்ட சிலிண்டர்லேருந்து வாயுவை விட்டு, கருவி அதே எண்ணைக் காட்டுதான்னு பார்க்கணும். தப்பினா அந்த மணி நேரத்துக் கணக்கு செல்லாது. அப்பப்ப வெளியிலேருந்து ஒரு குழு தனிக் கருவியோட வந்து ஒத்துப் பார்க்கும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். கருவி கெட்டுப் போச்சு, கணக்கு இல்லன்னா என்ன? பல ஊர் சட்டத்துல "கருவி பழுது"ன்னு எழுதிட்டு நிம்மதியா இருக்கலாம். அங்க அப்படி இல்ல. காணாமப் போன மணி நேரத்துக்கு அவங்களே ஒரு எண்ணை நிரப்புவாங்க. கொஞ்ச நேரம்தான் பழுதுன்னா முன்னும் பின்னும் உள்ள சராசரி. பழுது அடிக்கடி வருதுன்னா நிரப்புற எண் ஏறிட்டே போகும், கடைசியில அந்த பாய்லர் விட முடிஞ்ச உச்ச அளவையே போட்டுடுவாங்க. ஒவ்வொரு டன்னுக்கும் அனுமதி ஒப்படைக்கணும், அதாவது காசு. அதனால கருவி ஓடாட்டி நஷ்டம் நிலையத்துக்கு. எந்த மேலாளரும் உதிரி பாகம் வாங்க "அடுத்த மாசம் பார்க்கலாம்"னு சொல்ல மாட்டார்.

கணக்கு அத்தனையும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குப் போகும், பொதுமக்கள் பார்வைக்கும் வரும். வருஷக் கடைசியில அனுமதி குறைஞ்சா டன்னுக்கு 2,000 டாலர் அபராதம் (பணவீக்கத்தோட ஏறும்), அதோட அடுத்த வருஷ அனுமதியிலயும் அந்த டன் பிடிச்சுக்குவாங்க. சந்தையில அனுமதி நூத்தம்பது இருநூறுக்குக் கிடைக்கும்போது எவன் ரெண்டாயிரம் கட்டுவான்? ஏறக்குறைய எல்லா நிலையமும் சட்டப்படி நடந்துச்சு. கோர்ட்டு, வாய்தா எதுவும் வேண்டியிருக்கல.

நிலா_ரசிகை எழுதியது:

பாபு அண்ணே, பழுதானால் உச்ச அளவைப் போடுவது அட்டகாசம் 👏 இதை எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை.

எதிர்க்கேள்வி எழுதியது:

அளவுமானி விஷயத்தில் எனக்குச் சண்டை இல்லை. வெண்முகிலின் மூன்றாவது கேள்விக்கு வருவோம், அதை யாரும் தொடவில்லை.

அமெரிக்காவில் 1980-ல் ஸ்டாகர்ஸ் சட்டம் வந்து ரயில் சரக்குக் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்தது. வயோமிங்கின் பவுடர் ரிவர் படுகையில் கந்தகம் மிகக் குறைவான நிலக்கரி மலிவாகக் கிடக்கிறது. ரயில் கட்டணம் இறங்க இறங்க அந்த நிலக்கரி கிழக்கு நோக்கி வந்தது. பல நிலையங்கள் அதற்கு மாறியது கந்தகத்துக்காக அல்ல, விலைக்காக. சட்டம் வராவிட்டாலும் கணிசமானவர்கள் மாறியிருப்பார்கள். சட்டம் வருமுன் அனுமதி விலை டன்னுக்கு நூற்றுக்கணக்கான டாலர் முதல் ஆயிரத்துக்கு மேல் வரை போகும் என்று பயமுறுத்தினார்கள். 1996-ல் எழுபது டாலர் அளவுக்கு இறங்கியது. அந்தப் புகழில் பாதி ரயிலுக்குப் போக வேண்டியது.

கணக்கர் எழுதியது:

ரயிலுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கிற முடிவோடு ஒத்துப்போக முடியவில்லை.

1977 திருத்தத்தை நினைத்துப் பாருங்கள். புதிய நிலையங்கள் எந்த நிலக்கரியை எரித்தாலும் இத்தனை சதவீதம் கந்தகத்தை நீக்கியே தீர வேண்டும் என்றது, அதாவது ஸ்க்ரப்பர் கட்டாயம். புகையைச் சுண்ணாம்புக்கல் கூழில் கழுவி ஜிப்சமாக மாற்றுகிற பெரிய கருவி அது. கந்தகமே இல்லாத நிலக்கரியை வாங்கி வந்தாலும் கருவி வேண்டும் என்றால் யார் தூரத்து நிலக்கரிக்கு மெனக்கெடுவார்கள்? 1990 சட்டமும் அதே பாணியில் எல்லாப் பழைய நிலையத்துக்கும் ஸ்க்ரப்பரைக் கட்டாயமாக்கியிருந்தால் மலிவான ரயிலால் ஒரு பயனும் இருந்திருக்காது. "டன் கணக்கைக் காட்டு, வழி உன் இஷ்டம்" என்று விட்டதால்தான் சிலர் நிலக்கரியை மாற்றினார்கள், சிலர் இரண்டு நிலக்கரிகளைக் கலந்தார்கள், சிலர் கருவி போட்டார்கள். போட்டி வந்ததும் ஸ்க்ரப்பர் விற்பவர்களும் விலையைக் குறைத்தார்கள்.

ஒன்றை மட்டும் சந்தை ஆதரவாளர்கள் மறைக்கிறார்கள், அதை நானே சொல்லிவிடுகிறேன். தொடக்க ஆண்டுகளில் வெவ்வேறு நிறுவனங்களுக்கு இடையே வணிகம் பெரிதாக நடக்கவில்லை. 1992-ல் விஸ்கான்சின் நிறுவனம் ஒன்று டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற அரசு மின் நிறுவனத்துக்கு 10,000 அனுமதிகளை விற்றது முதல் விற்பனை. அதன்பின் சூடுபிடிக்கச் சில வருடங்கள் ஆயின. மிச்சத்தில் பெரும்பங்கு ஒரே நிறுவனம் தன் நிலையங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டதிலும், வழியைத் தானே தேர்ந்தெடுத்ததிலும் வந்தது.

இன்னொன்று சேமிப்பு. இந்த வருடம் பயன்படுத்தாத அனுமதியை அடுத்த வருடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். 2000-ல் வரம்பு இறுகப் போகிறது என்று தெரிந்ததால் 1995-லேயே முதல் கட்ட நிலையங்கள் அனுமதித்த அளவுக்கு வெகு கீழே இறங்கிவிட்டன. ஐந்து வருடம் முன்பே காற்று சுத்தமானது. இந்த அவசரத்துக்கு ரயில் காரணமாக முடியாது.

பாய்லர் பாபு எழுதியது:

சேமிப்பு இல்லாட்டி என்ன ஆகும்ங்கிறதுக்கு லாஸ் ஏஞ்சலஸ் கதை இருக்கு. 1994-ல 'ரீக்ளைம்'னு அங்க ஒரு வட்டாரத் திட்டம் வந்துச்சு, நைட்ரஜன் ஆக்சைடுக்கும் கந்தக ஆக்சைடுக்கும். ஆரம்பத்துல அனுமதிகளைத் தாராளமா கொடுத்துட்டாங்க, விலை அடிமட்டம். சேத்து வைக்கவும் வழியில்ல. மின் நிலையக்காரங்க "கருவி எதுக்கு, அனுமதி வாங்கிக்கலாம்"னு உக்காந்துட்டாங்க. 2000-ல கலிபோர்னியாவுல மின்சார நெருக்கடி. பழைய நிலையமெல்லாம் ராத்திரி பகலா ஓடுது, எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுமதி வேணும், இருப்புல கிடையாது. விலை பல மடங்கு எகிறிடுச்சு. கடைசியில 2001-ல மின் நிலையங்களைச் சந்தையிலேருந்து வெளிய எடுத்து, கருவி பொருத்துன்னு நேரடி உத்தரவு போட வேண்டியதாச்சு.

அதே சரக்குதான், ரெண்டு ஊர்ல ரெண்டு விதமா போச்சு.

வெண்முகில் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, குறிப்பாகப் பாபு அவர்களுக்கு. என் முதல் கேள்வியை இன்னும் யாரும் தொடவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன் :)

இன்னொன்று. ஏரிகளையும் மீன்களையும் காப்பாற்ற வந்த திட்டம் என்று சொல்கிறீர்கள். ஏரிகள் தேறினவா?

கணக்கர் எழுதியது:

மெதுவாக. பல வருடம் அமிலம் குடித்த மண்ணிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து போயிருக்கிறது. மழை சுத்தமானதும் ஏரி உடனே தேறிவிடாது. பெரும் பலன் எதிர்பாராத இடத்தில் வந்தது. சல்பேட் நுண்துகள் நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும். 2005-ல் வந்த ஒரு மதிப்பீடு, 2010-ல் இத்திட்டத்தின் ஆண்டுப் பலன் ஏறத்தாழ 12,200 கோடி டாலர், செலவு 300 கோடி என்றது. பலனில் மிகப் பெரும் பகுதி தவிர்க்கப்பட்ட அகால மரணங்கள். சட்டம் போட்டபோது நாடாளுமன்றத்தில் பேசியதெல்லாம் ஏரியும் காடும். நுண்துகள் இவ்வளவு கொல்லும் என்ற ஆய்வுகள் 1993-க்குப் பிறகுதான் உறுதிப்பட்டன.

எதிர்க்கேள்வி எழுதியது:

அப்படியானால் என் வாதம் இன்னும் வலுக்கிறதே. ஒரு டன் புகை குறைந்த ஜனத்தொகை உள்ள இடத்தில் விழுவதும், பெருநகரத்தின் மேல் காற்று வாக்கில் விழுவதும் ஒன்றா? உயிர்ச் சேதம் பல மடங்கு வேறுபடும். அனுமதிச் சீட்டில் இரண்டுக்கும் ஒரே டன், ஒரே விலை. 89.5 லட்சம் என்ற வரம்பும் மீனை நினைத்து வைத்தது. மனிதனை நினைத்திருந்தால் இன்னும் கீழே வைத்திருப்பார்கள்.

சட்டப்புள்ளி எழுதியது:

எதிர்க்கேள்வி சொன்ன அதே காரணத்தால்தான் இந்தச் சந்தை செத்தது. வெற்றிக் கதை சொல்பவர்கள் 2005-ல் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மீதியைச் சொல்கிறேன்.

2005-ல் புஷ் நிர்வாகம் கிழக்கு மாநிலங்களுக்கு இன்னொரு விதி கொண்டுவந்தது, மாநிலங்களுக்கு இடையிலான தூய காற்று விதி. அமில மழை அனுமதியையே பயன்படுத்தலாம், ஆனால் 2010-லிருந்து ஒரு டன்னுக்கு இரண்டு அனுமதி, பிறகு இன்னும் அதிகம். விலை துள்ளியது, அந்த ஆண்டுக் கடைசியில் டன் 1,600 டாலரைத் தொட்டது.

2008 ஜூலையில் வடக்கு கரோலினா தொடுத்த வழக்கில் கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. நீதிமன்றம் சொன்னது: காற்று போகும் திசையில் இருக்கிற மாநிலத்தைக் கெடுக்கிற அளவு புகையை ஒவ்வொரு மாநிலமும் தானே நிறுத்த வேண்டும் என்கிறது சட்டம். மொத்த வட்டாரத்தில் குறைந்தால் போதும் என்று வணிகத்துக்கு விட்டால், வடக்கு கரோலினாவுக்குப் புகை அனுப்புகிற குறிப்பிட்ட மாநிலம் அனுமதி வாங்கிக்கொண்டு அனுப்பிக்கொண்டே இருக்கலாமே? வருடக் கடைசியில் மாற்று விதி வரும் வரை பழையதே தொடரட்டும் என்று இறங்கி வந்தார்கள். ஆனால் சந்தையில் நம்பிக்கை போய்விட்டது.

2011-ல் வந்த மாற்று விதி மாநிலவாரியாகத் தனி வரம்பு வைத்தது, எல்லை தாண்டிய வணிகத்தைக் கட்டிப்போட்டது, பழைய அமில மழை அனுமதிகளை இந்த விதிக்குப் பயன்படுத்த முடியாது என்றது. 2012 ஏலத்தில் ஒரு டன் ஒரு டாலருக்கும் கீழே போனது. ஒரு பாட்டில் தண்ணீரைவிட மலிவு.

வெண்முகில் எழுதியது:

விலை பூஜ்யம் ஆனதும் புகை ஏறியிருக்க வேண்டுமே? ஏறியதா?

சட்டப்புள்ளி எழுதியது:

இல்லை. 1990-ல் 157 லட்சம் டன். 2010-ல் எட்ட வேண்டிய 89.5 லட்சம் வரம்புக்குக் கீழே 2007-லேயே வந்துவிட்டது, மூன்று வருடம் முன்கூட்டி. 2010-ல் 52 லட்சத்துக்குக் கீழிறங்கி, அதன்பின்னும் இறங்கிக்கொண்டே போனது. 1,600 டாலர் காலத்தில் கட்டிய ஸ்க்ரப்பர்கள் நின்றுகொண்டிருந்தன, புது விதிகள், பாதரச விதி, மலிவான இயற்கை எரிவாயு எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆகவே 2010-க்குப் பிந்தைய குறைவை யாராவது சந்தைக் கணக்கில் எழுதினால் நம்பாதீர்கள்.

நிலா_ரசிகை எழுதியது:

ஐரோப்பாவில் கார்பனுக்கு இதே முறைதானே? அங்கே எப்படி?

கணக்கர் எழுதியது:

2005-ல் தொடங்கினார்கள். எவ்வளவு விடுகிறார்கள் என்று சரியாக அளக்காமலேயே அனுமதியைப் பங்கிட்டார்கள். பாபு சிரிப்பார். 2006 ஏப்ரலில் நிஜக் கணக்கு வெளியானதும், கையிலிருக்கும் அனுமதி உமிழ்வைவிட அதிகம் என்று தெரிந்து, 30 யூரோ அளவில் இருந்த விலை சில நாட்களில் பாதியானது. அந்தக் கட்டத்து அனுமதியை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் 2007 முடிவில் ஏறக்குறைய பூஜ்யம். பிறகு பொருளாதார மந்தம், 2013-ல் 5 யூரோவுக்கும் கீழே. 2019 முதல் உபரியை உறிஞ்சிக்கொள்ள ஒரு கையிருப்பு ஏற்பாடு வரும் என்று உறுதியான பின்தான் நிமிர்ந்தது; 2023 பிப்ரவரியில் நூறு யூரோவைத் தாண்டியது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட அமெரிக்க வடகிழக்கு மாநிலங்கள் 2009-ல் மின் நிலையக் கார்பனுக்குத் தொடங்கிய 'ரெக்கி' திட்டம்தான் பாடம். அங்கும் வரம்பைத் தளர்வாக வைத்துவிட்டார்கள். ஆனால் பெரும்பாலும் ஏலம், ஏலத்துக்கு அடிமட்ட விலை, தொடக்கத்தில் 1.86 டாலர். உபரி இருந்தாலும் விலை அதற்குக் கீழே போகவில்லை. 2014-ல் வரம்பையே 45 சதவீதம் வெட்டினார்கள்.

எதிர்க்கேள்வி எழுதியது:

ஐரோப்பாவில் இலவசமாகக் கிடைத்த அனுமதிக்கும் மின் நிறுவனங்கள் சந்தை விலையை மின்கட்டணத்தில் ஏற்றி லாபம் பார்த்தன. 2013-லிருந்துதான் மின்துறைக்குப் பெரும்பாலும் ஏலம். நடுவில் மதிப்புக்கூட்டு வரியை வசூலித்துக்கொண்டு கம்பி நீட்டுகிற கும்பல்கள் அனுமதிச் சந்தைக்குள் புகுந்தன. அரசுகளுக்குச் சுமார் 500 கோடி யூரோ நஷ்டம் என்று ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2009-ல் சொன்னது. கணக்கர் இதையெல்லாம் ஏன் விட்டுவிட்டார் என்று தெரியவில்லை ;)

தறிச்சத்தம் எழுதியது:

மின் நிலையம் அல்ல, ஆனால் பாபு சொன்ன அளவுமானிக் கதையோடு ஒட்டியது. சூரத்தில் 2019-ல் துகள் மாசுக்கு இதே முறை வந்தது, பெரும்பாலும் ஜவுளி ஆலைகளின் பாய்லர்களுக்கு. சுமார் 300 ஆலைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதியைச் சந்தைக்குள் விட்டு, மீதியைப் பழைய விதியிலேயே வைத்துச் சோதித்தார்கள். இரு பக்கமும் கண்காணிப்புக் கருவி உண்டு. சந்தைக்குள் இருந்தவை 20 முதல் 30 சதவீதம் குறைவாக மாசு விட்டன. ஆக, அளவுமானி மட்டும் போதவில்லை. "இருந்தாலும் குறைந்திருக்கும்" என்று வாதாட இங்கே இடமில்லை, ஒப்பிடப் பாதி ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

பாய்லர் பாபு எழுதியது:

தறிச்சத்தம், நல்லா மடக்கிட்டீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், அளவுமானி எண்ணோட காசு ஒட்டிக்கிட்டாத்தான் அதை எவனும் பார்ப்பான். சும்மா மாட்டி வெச்ச கருவி தூசி படியும்.

சட்டப்புள்ளி எழுதியது:

வெண்முகிலின் முதல் கேள்வி பாக்கி. "காசு கொடுத்தால் புகை விடும் உரிமை" என்கிறீர்கள். 1990 சட்டத்தை எழுதியவர்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. அனுமதி என்பது சொத்துரிமை ஆகாது என்று சட்டத்திலேயே வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். அது குறிப்பிட்ட அளவு விடுவதற்கான வரையறுத்த அங்கீகாரம். அரசு நினைத்தால் குறைக்கலாம், ரத்து செய்யலாம், இழப்பீடு கேட்க முடியாது. 2011-ல் ரத்து செய்யவில்லை, ஆனால் புது விதியில் பழைய அனுமதிக்கு இடமில்லை என்றதும் விளைவு கிட்டத்தட்ட அதுதான். லட்சக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தவர்கள் கையில் வெறும் எண்கள் மிஞ்சின.

இதோடு ஒப்பிட்டால், சந்தைக்கு முந்தைய முறையில் நிலையங்கள் வரம்புக்குள் விட்ட புகைக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. அப்போது அது இலவச உரிமை. அதை யாரும் பாவம் என்று சொல்லவில்லை.

வெண்முகில் எழுதியது:

சொத்துரிமை இல்லை என்ற விதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதுவே உங்கள் பக்கத்தை அரிக்கிறதே? முன்கூட்டியே குறைத்து அனுமதியைச் சேமித்தவன்தான் நல்ல பிள்ளை என்றார் கணக்கர். அந்த நல்ல பிள்ளையின் சேமிப்பைத்தான் 2011 விதி செல்லாக்காசு ஆக்கியது. கடைசி நிமிடம் வரை உட்கார்ந்திருந்தவனுக்கு நஷ்டமே இல்லை. அடுத்த முறை அரசு சந்தை வைத்தால் எவன் முந்திக்கொண்டு குறைப்பான்?

கணக்கர் எழுதியது:

குறைப்பான், ஆனால் சேமிப்புக்குத் தள்ளுபடி போட்டுத்தான் மதிப்பிடுவான். அதனால்தான் வரம்பு இறுகும் அட்டவணையை ஆரம்பத்திலேயே சட்டத்தில் எழுதிவிட வேண்டும் என்கிறேன். ரெக்கியில் 2014-ல் வெட்டியபோது பழைய சேமிப்பைச் செல்லாது என்று சொல்லவில்லை. சேமிப்பில் இருந்த அளவுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளின் புது அனுமதியைக் குறைத்துக்கொண்டார்கள். முந்திக்கொண்டவனுக்கும் நஷ்டமில்லை, வரம்பும் இறுகியது. 2011-ல் அந்த வழியை நீதிமன்றத் தீர்ப்பு விட்டுவைத்ததா என்பதைச் சட்டப்புள்ளிதான் சொல்ல வேண்டும்.

சட்டப்புள்ளி எழுதியது:

விட்டுவைக்கவில்லை என்பது என் வாசிப்பு. அமில மழை அனுமதியை வேறொரு பிரிவின் கீழ் வருகிற விதிக்காகக் குறைக்கவோ ரத்து செய்யவோ முகமைக்கு அதிகாரமே இல்லை என்றுதான் 2008 தீர்ப்பு சொன்னது. நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். 2009-ல் கார்பனுக்கு ஒரு மசோதா பிரதிநிதிகள் சபையில் 219-க்கு 212 என்று தப்பிப் பிழைத்து, மேலவையில் வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது. அதற்கப்புறம் அப்படியொரு மசோதா அங்கே சட்டமாகவில்லை.